டிராகன் வேலைக்குப் போன வலத்து மாடு

சென்னியப்பனின் வலத்து மாடு ஆடி முதல் வாரத்தில் டிராகன் ஆனது. இடத்து மாடு மாடாகவே இருந்தது. ஏர் பூட்ட இரண்டு மாடு வேண்டும். அதில்தான் சிக்கல்.

மலையாளத்து எல்லைக்குள் இருந்த எருத்தேன்பதியில் அவருக்கு இருந்தது மானம் பார்த்த காடு. ஆடியில் ஒரு மழை நன்றாகப் பெய்தால் மண் இளகும். அந்த ஈரம் காய்வதற்குள் உழுது கடலை போட்டாக வேண்டும். தவறினால் அந்த வருஷம் முழுக்கக் காட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். வலத்து மாடு மயிலை. இடத்து மாடு செவலை. கன்றாக இருந்தபோதிலிருந்து ஜோடி. பக்கம் மாற்றிப் பூட்டினால் இரண்டும் நகராது. வேறு மாட்டைப் பக்கத்தில் நிறுத்தினால் செவலை படுத்துவிடும்.

ஜீப் வந்தபோது சென்னியப்பன் கலப்பைக் கொழுவைத் தட்டிக்கொண்டிருந்தார். முதலில் வில்லேஜ் ஆபீசர் இறங்கினார். அவருக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கி, வீட்டையும் சென்னியப்பனையும் பார்க்காமல் நேராகக் கட்டுத்தறிக்குப் போனார். மயிலையின் திமிலை ஒரு விரலால் தொட்டார்.

"சாட்சாத் இதாக்கும்," என்றார்.

அவர் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். பெயர் அனந்தநாராயணன். கொல்லங்கோட்டில் மூடிக் கிடந்த ஒரு நெல் மில்லில் அரசு தொடங்கியிருந்த சித்திரப்பட நிலையத்துக்கு டைரக்டர். உலகத்துப் பழைய மாயக்கதை நாவல்களைக் குழந்தைகளுக்காகக் கார்ட்டூன் படமாக்குவது நிலையத்தின் நோக்கம். இதுவரை ஒன்றும் ஆக்கவில்லை. தொடங்கி நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது.

"நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளைக்காரப் பாதிரி எழுதின நாவல். சாம்பல் மலையிலே ஒரு டிராகன். அதுக்கு உங்க மாடு வேணும்," என்றார் டைரக்டர்.

"டிராகன்னா என்னங்க சாமி?"

"றெக்கை உள்ள பாம்பு. வாயால நெருப்பு கக்கும்."

சென்னியப்பன் மயிலையைப் பார்த்தார். அது அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"இது சோளத்தட்டுதானுங்க திங்கும்."

"நெருப்பை ஆர்ட்டிஸ்ட் பார்த்துப்பன். ஒடம்புதான் நமக்கு வேணும்."

நிலையத்துக்கு ஒரு விதி இருந்தது. எதை வரைந்தாலும் பார்த்து வரைய அதற்கு உயிருள்ள மாதிரி ஒன்று கையிருப்பில் இருக்க வேண்டும். முன்பு ஒரு நாவலுக்காக ஒற்றைக் கொம்புள்ள வெள்ளைக் குதிரையை வரையத் தொடங்கியிருந்தார்கள். கணக்குத் தணிக்கை அதிகாரி வந்தார். இந்த வெள்ளைப் பெயிண்ட் எந்தக் குதிரைக்கு என்று கேட்டார். மனதில் இருக்கிற குதிரைக்கு என்றார்கள். மனதில் இருப்பது கையிருப்பு ஆகாது என்று எழுதிவிட்டுப் போனார். அன்றோடு அந்தப் படம் நின்றது. விதி வந்தது.

டிராகனுக்கு முதலில் பல்லியைப் பார்த்தார்கள். சிறியதாக இருந்தது. முதலையைப் பார்த்தார்கள். அது ஒத்துழைக்கவில்லை. நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் டிராகனின் முதுகு குன்றைப் போல இருந்தது என்று ஒரு வரி இருந்தது. குன்றுள்ள முதுகு எங்கே இருக்கிறது என்று விசாரித்ததில் வில்லேஜ் ஆபீசர் சென்னியப்பன் வீட்டைச் சொல்லியிருந்தார்.

"ஒரு நாள் போறும். நாளைக்கு சாயங்காலம் கொண்டுவந்து கட்டிடுவோம், கேட்டேளா?" என்றார் டைரக்டர்.

வில்லேஜ் ஆபீசர் நின்றுகொண்டிருந்தார். நிற்கிற ஆபீசரிடம் இல்லை என்று சொல்லி சென்னியப்பனுக்குப் பழக்கமில்லை. தன் மாட்டைத் தேடி ஜீப் வந்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. சரி என்றார். பின்னாலேயே லாரி வந்தது. செவலை லாரி மறைகிறவரை கத்தியது.

மறுநாள் சாயங்காலம் யாரும் வரவில்லை. அதற்கு மறுநாள் சென்னியப்பன் பஸ் பிடித்துக் கொல்லங்கோடு போனார்.

மில்லின் நடுவில் ஒரு மரமேடை. மேடைமேல் மயிலை. அதன் விலாவில் இரண்டு பக்கமும் இறக்கைக்கு முறம் கட்டியிருந்தார்கள். முன்னங்கால் ஒன்று பாதி தூக்கியபடி நின்றது. காலுக்கு அடியில் ஒரு செங்கல் முட்டுக்கொடுத்திருந்தது. எதிரே மேசையில் ஒருவர் வரைந்துகொண்டிருந்தார். வரைந்து முடித்ததும் நிமிர்ந்து, "அடுத்தது," என்றார். உதவியாளர் செங்கல்லை எடுத்தார். மயிலை காலை ஒரு விரல் அகலம் முன்னால் வைத்தது. உடனே இன்னொரு செங்கல் வந்தது.

சென்னியப்பன் டைரக்டர் அறைக்குப் போனார்.

"மாட்டக் கூட்டீட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"எந்த மாடு?"

"என்ற மயிலைங்க. மேடை மேல நிக்குதே."

"இங்கே மாடு ஒண்ணும் இல்லையே. டிராகன்தான் இருக்கு." டைரக்டர் எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னார். "மாடுன்னு எழுதினா வெட்டினரி டிபார்ட்மெண்ட் வரும், புல்லுக்கு டெண்டர் விடணும், ஆயிரம் தொந்தரவாக்கும். டிராகனுக்கு எந்த டிபார்ட்மெண்டும் இல்லை."

"ஒரு நாள்னு சொன்னீங்களே சாமி."

"வரைய ஆரம்பிச்சாச்சே. இனி அதை வெளியிலே விட்டா உழும். உழுதா தோள் மாறும். தோள் மாறினா முன்னாடி வரைஞ்சதுக்கும் பின்னாடி வரையறதுக்கும் தொடர்ச்சி இல்லாமப் போயிடும். குழந்தைகள் கண்டுபிடிச்சிடும்."

"எப்பங்க முடியும்?"

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது வரைகிறவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். பெயர் சிலுவைராஜ். பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டங்களில் போர்டு எழுதிக்கொண்டிருந்தவர். தொழிலாளர் லயத்து வீடுகளுக்கு நம்பர் போடுவார், கோயில் திருவிழாவுக்கு மாதா படம் வரைவார். அரசு வேலை என்று கூப்பிட்டதால் மலை இறங்கி வந்திருந்தார்.

"அண்ணாச்சி, மாடு ஒங்களுதா? நல்ல பொறுமைசாலி," என்றார்.

"எத்தன தூரம் வரஞ்சிருக்கீங்க?"

"படம் ஒரு விநாடி ஓட இருவத்திநாலு தாள் வேணும். நேத்து ஒரு காலத் தூக்குச்சு. எறக்க நாளைக்கு ஆவும்."

சென்னியப்பன் மேடையைப் பார்த்தார். ஒவ்வொரு முறை செங்கல் மாற்றிய பிறகும் மயிலை தலையை இடப்பக்கம் திருப்பி, அங்கே ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு மறுபடி நேரே பார்த்தது.

"எதுக்கு அந்தாலயே பாக்குது? எல்லாத் தாள்லயும் அப்படித்தான் விழுது," என்றார் சிலுவைராஜ்.

"அந்தப் பக்கம் செவல நிக்கோணுமுங்க."

சிலுவைராஜ் பீடியை அணைத்தார்.

ஊரில் செய்தி பரவியிருந்தது. பக்கத்துக் காட்டுக் குப்பண்ணன் வேலியில் சாய்ந்து நின்று விசாரித்தார்.

"ஏனுங்க சென்னியப்பண்ணா, உங்கூட்டு மாடு சினிமால நடிக்குதாமா?"

"ம்."

"சோடி ஆருங்க? மெட்ராஸ்ல இருந்து வருதுங்களா?"

"போடா, போய் உன்ற வேலயப் பாரு."

"பாக்கறேன். எனக்கு ரண்டு மாடு இருக்குது, வேல பாக்கறேன். நீங்க என்ன பண்றீங்க?"

சென்னியப்பனின் மனைவி செல்லாத்தாள் மேற்கே பார்த்தாள். மலைமேல் மேகம் ஏறியிருந்தது. விதைக்க நிலக்கடலைப் பருப்பு உரித்து வைத்தாயிற்று. உரித்த பருப்பு அதிக நாள் தாங்காது.

"ஏனுங்க மாமா, ஆபீசர் நின்னாருன்னு மாட்டக் குடுத்தீங்க. நாளைக்கு மழ வந்து நின்னா எதக் குடுப்பீங்க?"

அவர் மறுபடி பஸ் பிடித்தார். அந்த வாரம் பலமுறை பிடித்தார். போகும்போதெல்லாம் டைரக்டர் மீட்டிங்கில் இருந்தார். கதவு திறந்து திறந்து மூடும்போது உள்ளே நடப்பது கேட்கும். மூலக்கதைக் காப்புக் குழு என்ற ஒன்று கூடி, நாவலை வரிவரியாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

நாவலில் ஒரு ராஜா இருந்தான். ராஜாக்களின் சலுகையெல்லாம் போய்விட்டதால் அவனைப் பஞ்சாயத்துத் தலைவர் ஆக்கினார்கள். இளவரசன் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆனான். அவனுக்கு ஏழு தங்கைகள். குடும்ப நலத்துறையின் பிரதிநிதி எழுந்து இரண்டே போதும் என்றார். ஐந்து பேரை நீக்கினார்கள். வாளுக்கு லைசன்ஸ் வேண்டும் என்பதால் நிலமளக்கும் சங்கிலியைக் கொடுத்தார்கள். கல்யாண விருந்தில் இத்தனை பேர் சாப்பிடச் சட்டம் இடம் தராது என்பதால் எலுமிச்சை சர்பத்தோடு நிறுத்தினார்கள். மந்திரக்காரியை மூடநம்பிக்கை என்று எடுத்துவிட்டார்கள். அவள் பேசும் வசனங்கள் நன்றாக இருந்ததால் அவற்றைக் கூட்டுறவுச் சங்கச் செயலாளருக்குக் கொடுத்தார்கள்.

மில்லில் மயிலை மேடையின் ஒரு முனையிலிருந்து நடுப்பகுதிவரை வந்திருந்தது. இப்போது செங்கல் தேவைப்படவில்லை. 'அடுத்தது' என்றால் ஓர் அடி. அவ்வளவுதான். சொல்லாவிட்டால் ஈ மொய்த்தாலும் நகராது.

ஒருநாள் சிலுவைராஜ் சென்னியப்பனை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். டீ சொன்னார். டீ வந்தது.

"அண்ணாச்சி, கதைய முழுசாக் கேட்டியளா?"

"இல்லீங்க."

"ஒரு சங்கதி சொல்லுதேன். மனசத் தேத்திக்கிடுங்க. கடைசி அத்தியாயத்துல டிராகன் செத்துப்போவுது."

"சாகட்டுமுங்க. அது டிராகன்தானே."

சிலுவைராஜ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சென்னியப்பன் டீயை வாய்க்குக் கொண்டுபோனார். பாதியில் கை நின்றது.

"உசுரோட மாதிரி இல்லாம வரையப்படாதுன்னு விதி," என்றார் சிலுவைராஜ். "நிக்கதுக்கு நிக்க மாதிரி. நடக்கதுக்கு நடக்க மாதிரி. சாவுக்கு..."

"அதுக்கும் மயிலையேவா?"

"அதேதான். தொடர்ச்சி வேணும்லா? நாளைக்கு கமிட்டில முடிவு பண்ணுதாவ."

மறுநாள் சென்னியப்பன் காலையிலேயே மில் வாசலில் உட்கார்ந்தார். செல்லாத்தாளும் வந்தாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னதும் புடவையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். குழு கூடியதும் கதவு திறந்தது. மாதிரியின் உரிமையாளர் பார்வையாளராக இருக்கலாம் என்று விதியில் இருந்ததால் இருவரையும் உள்ளே விட்டார்கள். உட்கார நாற்காலி இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. அவர் மலையாளத்தில் பேசினார். சென்னியப்பனுக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

தலைவர் முதலில் வரைந்த தாள்களைப் புரட்டினார். எல்லாத் தாளிலும் டிராகன் இடப்பக்கம் திரும்பி ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவருக்கு அது பிடித்திருந்தது.

"இந்தப் பார்வையில் நவீன மனிதனின் தனிமை இருக்கிறது," என்றார். "நாவலாசிரியருக்கே தோன்றாதது."

எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு சாவுக்கு வந்தார்கள். ஒரு உறுப்பினர் மெதுவாகக் கேட்டார், டிராகனைச் சாகவிடாமல் முடித்தால் என்ன என்று. டைரக்டர் எழுந்தார்.

"சார், மூலத்துக்கு நாம விசுவாசமா இருக்கணும். ராஜாவை எடுத்தாச்சு. வாளை எடுத்தாச்சு. மந்திரக்காரி இல்லை. தங்கைகள் அஞ்சு பேர் இல்லை. நாவல்ல இப்போ மிச்சம் இருக்கறது டிராகனோட சாவு ஒண்ணு மட்டுமாக்கும். அதையும் எடுத்துட்டா அப்பறம் எதுக்கு நாம விசுவாசமா இருக்கறது?"

தலைவர் மேசையைத் தட்டினார். அதில் பெரிய உண்மை இருக்கிறது என்றார். பிறகு நின்றுகொண்டிருந்த இருவரையும் பார்த்து, ஆறுதல் சொல்கிறவரைப் போலப் பேசினார்.

"நீங்கள் வருந்த வேண்டியதில்லை. உழவு மாட்டைக் கொல்ல இந்தக் குழுவுக்கு அதிகாரம் கிடையாது. அப்படிக் கொல்ல நினைத்தால் நானே தடுப்பேன். நாங்கள் கொல்லப்போவது டிராகனை மட்டும். டிராகனைக் கொல்வதைத் தடுக்கும் சட்டம் நான் நீதிபதியாக இருந்த காலத்திலும் இல்லை, இப்போதும் இல்லை."

சென்னியப்பன் துண்டைக் கையில் எடுத்தார். அவருக்கு வாதாடத் தெரியாது. ஏதாவது கேட்க வேண்டும் என்று தோன்றியது. மனதில் வந்ததைக் கேட்டார்.

"அது செத்துட்டாப் படம் முடிஞ்சுருங்களா?"

"முடியும்," என்றார் தலைவர்.

"படம் முடிஞ்சுட்டா நீங்கெல்லாம் ஊட்டுக்குப் போயிருவீங்களா?"

சுருக்கெழுத்து எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். நிலையத்துக்கு அனுமதி இந்தப் படம் முடிகிறவரைதான். டைரக்டர் பதவி படம் முடிகிறவரை. குழு படம் முடிகிறவரை. ஜீப்பும் அப்படித்தான். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை.

முதலில் பேசியவர் தலைவர்தான்.

"ஒரு வாயில்லா ஜீவன்," என்றார். கைக்குட்டையை எடுத்தார்.

"வன்முறை குழந்தைகளுக்கு ஆகாது," என்றார் கல்வித்துறைக்காரர்.

"நாவலாசிரியர் பாதிரியாராக்கும்," என்றார் டைரக்டர். "கொல்லப்படாதுன்னுதான் அவர் உள்மனசிலே நினைச்சிருப்பர். எழுத்துக்கு விசுவாசமா இருக்கறதைக் காட்டிலும் உள்மனசுக்கு விசுவாசமா இருக்கறது பெரிசு."

பத்து நிமிஷத்தில் புது முடிவு தயாரானது. டிராகன் நெருப்புக் கக்குவதை விட்டுத் திருந்தும். வட்டார வளர்ச்சி அதிகாரியிடம் மன்னிப்புக் கேட்கும். பிறகு தரிசு நிலத்தை உழும். உழுதுகொண்டே இருக்கும். உழுவதற்கு முடிவு இல்லை என்பதைத் தலைவர் குறிப்பாகச் சுட்டிக்காட்டினார்.

உழுவதற்கும் உயிருள்ள மாதிரி வேண்டுமே என்று ஒருவர் கேட்டார். நிலையத்தின் கையிருப்பில் காடு இல்லை. ஏர் இல்லை. டிராகனுக்குப் பக்கத்தில் நடக்க இன்னொன்றும் இல்லை.

"எங்கட்ட இருக்குதுங்க," என்றாள் செல்லாத்தாள்.

மழை வியாழக்கிழமை பெய்தது. மறுநாள் காலை லாரியில் டிராகன் வந்தது. இறக்கியதும் செவலையின் வலப்பக்கம் போய் நின்றுகொண்டது. யாரும் பிடித்து நிறுத்தவில்லை. சென்னியப்பன் நுகத்தடியை வைத்துப் பூட்டினார். முறம் இரண்டும் விலாவில் அப்படியே இருந்தன. அவிழ்க்கக் கூடாது என்று உத்தரவு.

வரப்பில் மேசை போட்டார்கள். மேசைக்குக் குடை பிடித்தார்கள். டைரக்டர் கையசைத்தார். சென்னியப்பன் மேழியைப் பிடித்து வழக்கம்போல "ஹை" என்றார். செவலை கழுத்தைக் கொடுத்தது. மயிலை நின்றது. வாலைத் தொட்டார். நின்றது. சாட்டையை ஓங்கினார். அது திரும்பி, இவர் யார் என்பதுபோல் பார்த்தது.

"அடுத்தது," என்றார் சிலுவைராஜ் மேசையிலிருந்து.

மயிலை ஓர் அடி வைத்தது. நின்றது.

வரப்பில் குப்பண்ணன் இருந்தார். பாதி ஊரும் இருந்தது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

சிலுவைராஜ் வரைந்தார். மண் காய்ந்துகொண்டிருந்தது. வரைந்து முடித்து 'அடுத்தது' என்றார். ஓர் அடி. செல்லாத்தாள் மடியில் கடலையோடு பின்னால் நின்றாள். ஓர் அடிக்கு ஒரு பருப்பு உழுத சாலில் போட்டாள்.

"சார், அந்த ஸ்திரீ யாரு? நாவல்ல இல்லையே," என்று உதவியாளர் கேட்டார்.

"இளவரசியா இருக்கட்டும்," என்றார் டைரக்டர். "கல்யாணத்துக்கு அப்பறம் வீட்டு வேலை பார்க்கறா."

மத்தியானம்வரை ஒரு சால் பாதிகூடப் போகவில்லை. மேற்புறம் மண் வெளுக்கத் தொடங்கியது. நாளைக்குள் கட்டி தட்டிவிடும். குப்பண்ணனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "அண்ணா, என்ற மாட்டக் கொண்டாரட்டுமா?" என்றார் மெதுவாக. செவலை படுத்துவிடும் என்று அவருக்கும் தெரியும்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு தூறல் விழுந்தது. பெரிய மழை இல்லை. தாள் நனையும் அளவுக்குத்தான். டைரக்டர் ஜீப்பில் ஏறிப் படுதாவை இறக்கிவிட்டார். உதவியாளரும் ஏறினார்.

"வேலை நிக்கப்படாது, சிலுவைராஜ்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "எனக்கு இங்கே கேட்கும்!"

சிலுவைராஜ் நனைந்த தாளைப் பார்த்தார். அதில் கோடு விழவில்லை. காட்டைப் பார்த்தார். சென்னியப்பன் மேழியைப் பிடித்தபடி தலை குனிந்து நின்றார். சிலுவைராஜ் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். வரப்பில் ஏறி நின்றார்.

"அடுத்தது," என்றார்.

ஓர் அடி.

"அடுத்தது. அடுத்தது."

இரண்டு அடி.

"அடுத்தது அடுத்தது அடுத்தது அடுத்தது..."

மயிலை ஒரு கணம் காதை அசைத்தது. பிறகு நடந்தது. சால் திறந்தது. செல்லாத்தாள் ஓடி ஓடிப் பருப்புப் போட்டாள். தேயிலைத் தோட்டத்தில் சரிவுக்குச் சரிவு கூப்பிட்டுப் பழகிய குரல் சிலுவைராஜுக்கு. அது தேய்ந்தபோது குப்பண்ணன் வாங்கிக்கொண்டார். அவருக்குத் தொண்டை கட்டியதும் அவர் மனைவி மருதாத்தாள். மயிலை யார் சொன்னாலும் கேட்டது. சாயங்காலம் இருட்டுவதற்குள் கடைசிச் சால் முடிந்தது. அன்று முழுக்க மயிலை இடப்பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

படுதா விலகியது. டைரக்டர் இறங்கிக் கண்ணாடியைத் துடைத்தார்.

"பேஷ். இத்தனை 'அடுத்தது' இந்த நிலையத்திலே ஒரு வருஷத்திலே கேட்டதில்லை," என்றார்.

தாள்கள் எங்கே என்று அவர் கேட்கவில்லை. அவற்றைக் கேட்பது தணிக்கை அதிகாரியின் வேலை. அதிகாரி வந்து சரிபார்க்கும்வரை டிராகன் காட்டிலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு டைரக்டர் போனார்.

தணிக்கை அதிகாரி வந்தபோது கடலை பூ விட்டிருந்தது. வெள்ளைக் குதிரையை நிறுத்திய அதே அதிகாரி. டைரக்டரும் சிலுவைராஜும் கூட வந்தார்கள். சிலுவைராஜ் பெட்டியைத் திறந்து நனைந்து ஒட்டிப்போன சில தாள்களையும் மிச்சம் வெறும் தாள்களையும் காட்டினார். போர்டு எழுத மறுபடி மலை ஏற வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி தாள்களைத் தள்ளினார்.

"இந்தக் காட்சியில் என்ன நடக்கிறது?"

"டிராகன் தரிசை உழறது சார்," என்றார் டைரக்டர். அவர் குரல் தாழ்ந்திருந்தது.

அதிகாரி காட்டில் இறங்கினார். மண்ணைக் குத்திப் பார்த்தார். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தார்.

"உழுதிருக்கிறது," என்றார். "டிராகன் எங்கே?"

சென்னியப்பன் மயிலையைக் காட்டினார். முறம் இரண்டும் இருந்தன.

அதிகாரி முறங்களை எண்ணிப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் அதுவரை யாரும் பார்த்திராத ஒரு சந்தோஷம் வந்தது.

"என் வேலைக் காலத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. எல்லா நிலையத்திலும் படம் இருக்கும், பொருள் இருக்காது. இங்கே பொருள் முழுதும் இருக்கிறது. ஒரு சொட்டுப் பெயிண்ட்கூட வீணாகவில்லை. கற்பனை என்பது அறவே இல்லை."

அதையே படத்தின் முதல் பாகமாகக் கொண்டு, நிறைவுபெற்றதாக எழுதிக் கொடுத்தார்.

வெளியீட்டு விழாவைக் காட்டோரத்துப் புறம்போக்கில் வைத்தார்கள். தென்னங்கீற்றுப் பந்தல், மேடை, மைக். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துவந்து வரப்பில் உட்காரவைத்தார்கள். எதிரே கடலைக் காடு. மேடைக்கு நேர் எதிரில், கொஞ்ச தூரத்தில், மயிலையையும் செவலையையும் நுகத்தடியில் பூட்டி நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். திரை கிடையாது. தேவையில்லை என்று தலைவர் பேச்சில் விளக்கினார்.

"மற்ற நாடுகள் நாவலைப் படமாக்குகின்றன. படத்தைத் திரையில் காட்டுகின்றன. திரையில் தெரிவது நிழல். நாம் நிழலைக் கடந்துவிட்டோம். இதோ, உங்கள் எதிரில் ஓடிக்கொண்டிருப்பது உலகத்தின் முதல் சித்திரமில்லாத சித்திரப்படம். குழந்தைகளே, பாருங்கள்."

குழந்தைகள் கடலைச் செடியைப் பார்த்தார்கள். காற்று அடித்தது. செடி ஆடியது.

"சார், நெருப்பு எப்பங்க சார் கக்கும்?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டது. டீச்சர் அதட்டினார்.

பிறகு டைரக்டர் மைக்குக்கு வந்தார். மகிழ்ச்சியான ஒரு அறிவிப்பு என்றார். முதல் பாகத்தின் சிக்கனத்தைப் பார்த்து அரசு இன்னும் பல பாகங்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டது. அதனால் டிராகன் இன்றைக்கே கொல்லங்கோட்டுக்குத் திரும்புகிறது. அங்கேயே நிரந்தரமாக இருக்கும். பந்தலுக்குப் பின்னால் லாரி நின்றுகொண்டிருந்தது.

வில்லேஜ் ஆபீசர் மேடையில் எழுந்து நின்று சென்னியப்பனைப் பார்த்தார். சென்னியப்பன் துண்டைக் கையில் எடுத்தார். வாய் திறந்தது. ஆபீசர் நின்றுகொண்டிருந்தார். வாய் மூடியது.

செல்லாத்தாள் அவர் கையிலிருந்து மூக்கணாங்கயிற்றை வாங்கினாள்.

"ஏனுங்க சாமி, அதுக்கு முந்தி புள்ளைகளுக்கு ஒரு தடவ நடத்திக் காட்டட்டுமுங்களா?"

"காட்டுங்கோ, காட்டுங்கோ," என்றார் டைரக்டர். "கேமராக்காரன் வந்திருக்கன்."

செல்லாத்தாள் கயிற்றைச் சுற்றி மயிலையின் கொம்பில் போட்டாள். ஒதுங்கி நின்றாள்.

"அடுத்தது," என்றாள்.

மயிலை ஓர் அடி வைத்தது. செவலையும் வைத்தது. குழந்தைகள் கைதட்டினார்கள். தலைவரும் தட்டினார்.

"அடுத்தது."

இன்னோர் அடி. மாடுகள் மேடையைப் பார்த்துத்தான் நின்றிருந்தன.

"அடுத்தது. அடுத்தது."

குழந்தைகளுக்கு விளையாட்டு புரிந்துவிட்டது. முதலில் நெருப்பு கேட்ட பிள்ளை சொன்னது. பிறகு வரப்பு முழுக்கச் சொன்னது. குப்பண்ணனும் மருதாத்தாளும் சேர்ந்துகொண்டார்கள். சிலுவைராஜ் மேடையில் கடைசி நாற்காலியில் இருந்தார். அவர் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தார். பிறகு நாற்காலியை விட்டு இறங்கி வரப்புக்குப் போய் உரக்கவே சொன்னார்.

"போதும், நிறுத்தச் சொல்லுங்கள்," என்றார் தலைவர்.

டைரக்டர் மைக்கில், "நிறுத்து!" என்றார். மாடு கேட்கவில்லை. நிலையத்தில் அந்த வார்த்தையை அதற்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

நுகத்தடி பந்தல் காலில் முட்டியது. கால் சாய்ந்தது. கீற்று இறங்கியது. தலைவரைத் தணிக்கை அதிகாரி பிடித்துக்கொண்டார். தணிக்கை அதிகாரியை வில்லேஜ் ஆபீசர் பிடித்துக்கொண்டார். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. லாரிக்காரர் யாரையும் கேட்காமலே வண்டியைப் பின்னால் எடுத்து ஓட்டிக்கொண்டு போனார்.

சென்னியப்பன் இரண்டு மாட்டுக்கும் நடுவில் போய் நுகத்தடியில் கை வைத்தார். தொண்டையைச் செருமினார். வில்லேஜ் ஆபீசர் இப்போது நின்றுகொண்டிருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தார்.

"அடுத்தது," என்றார் சென்னியப்பன்.

மயிலை நடந்தது. ஒரு முறம் கயிறு அறுந்து விழுந்தது. இன்னொன்று பந்தல் காலில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. மேடையைத் தாண்டி வீட்டுப் பக்கம் போகிறவரை மயிலை ஒரு தடவைகூட இடப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.